அணுக்கழிவின் ஆயுளும் பாறையின் வயதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடங்குளம், கல்பாக்கம் என்று பேச்சு வந்தால் ஒரு கட்டத்தில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள்: "இந்தக் கழிவு இரண்டரை லட்சம் வருஷம் விஷமாவே இருக்கும்." அதோடு பேச்சு நின்றுவிடும். அவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டபிறகு அடுத்து என்ன கேட்பதென்று யாருக்கும் தெரிவதில்லை. நான் நிலவியல் படித்தவன் என்பதால் இந்த எண்ணைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. பள்ளி ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள், கடலோர ஊர்களில் மீனவர்கள் கேட்டிருக்கிறார்கள், என் அக்கா மகளும் கேட்டாள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் போகவில்லை. கழிவு ஏற்கெனவே உண்டாகிவிட்டது. அதை எங்கே, எவ்வளவு காலம் வைப்பது என்பதே இங்கே விஷயம்.

சரியாகச் சொல்லுங்கள், அது எத்தனை ஆண்டுகள் ஆபத்தானது?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. காரணம், அதில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. உலைக்குள் போகும் எரிபொருள், சுண்டுவிரல் நுனி அளவுள்ள கருப்பு வில்லை. யுரேனியம் ஆக்சைடைச் சுட்டெடுத்துச் செய்தது, தொட்டால் பீங்கான் போலிருக்கும். அப்படிப்பட்ட வில்லைகளை நீண்ட உலோகக் குழாய்களில் அடுக்கி, குழாய்களைக் கட்டாகக் கட்டி உலைக்குள் இறக்குவார்கள். சில ஆண்டுகள் கழித்து வெளியே எடுக்கும்போது அதில் 95 சதவீதம் இன்னும் யுரேனியம்தான். ஒரு சதவீதம் அளவுக்குப் புளூட்டோனியம் உருவாகியிருக்கும். மீதி மூன்று, நான்கு சதவீதம் யுரேனிய அணு பிளந்ததால் பிறந்த துண்டுகள்: சீசியம், ஸ்ட்ரான்சியம், டெக்னீசியம், அயோடின் என்று நீண்ட பட்டியல்.

முதல் முந்நூறு ஆண்டுகளுக்கு சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டும்தான் ஆட்சி செய்கின்றன. இரண்டின் அரை ஆயுளும், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், கிட்டத்தட்ட 30 ஆண்டு. சூடும், உடலை ஊடுருவும் கதிரும் பெரும்பாலும் இவற்றால்தான். அவை அடங்கியபின் அமெரிசியம்-241 (432 ஆண்டு), புளூட்டோனியம்-240 (6,560 ஆண்டு), புளூட்டோனியம்-239 (24,100 ஆண்டு) முன்னால் வரும். இவை விடும் ஆல்ஃபா கதிரை ஒரு தாள்கூடத் தடுத்துவிடும். ஆனால் மூச்சோடோ தண்ணீரோடோ உடம்புக்குள் போய்விட்டால் கெடுதல் கடுமை. அதற்கும் பின்னால் டெக்னீசியம்-99 (2.11 லட்சம் ஆண்டு), நெப்டியூனியம்-237 (21 லட்சம்), அயோடின்-129 (1.57 கோடி) இருக்கின்றன.

"இரண்டரை லட்சம்" எங்கிருந்து வந்தது என்றால், புளூட்டோனியத்தின் 24,100-ஐப் பத்தால் பெருக்கியிருக்கிறார்கள். பத்து அரை ஆயுள் கடந்தால் எந்தக் கதிரியக்கப் பொருளும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இன்னொரு கணக்கும் உண்டு: அந்த எரிபொருளைச் செய்ய எவ்வளவு யுரேனியத் தாதுவை வெட்டியெடுத்தார்களோ, அந்தத் தாதுவின் நச்சுத்தன்மை அளவுக்குக் கழிவு இறங்க எவ்வளவு காலம் ஆகும்? அதற்கும் விடை லட்சம் முதல் சில லட்சம் ஆண்டுகள் என்றுதான் வருகிறது. ஆக, அந்த எண் மிகையில்லை.

ஆயுள் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆபத்து, இல்லையா?

பலர் தடுமாறும் இடம் இதுதான். கதிரியக்கம் என்பது ஒரு கையிருப்பு மாதிரி. வேகமாகச் செலவழித்தால் சீக்கிரம் தீரும், மெதுவாகச் செலவழித்தால் நெடுநாள் வரும். அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள், அயோடின்-129-க்கு 1.57 கோடி ஆண்டு. ஒரே எடை எடுத்துக்கொண்டால், முன்னது பின்னதைவிட ஏறக்குறைய 70 கோடி மடங்கு உக்கிரமாகக் கதிர்வீசும். செர்னோபிலில் குழந்தைகளின் தைராய்டைக் கெடுத்தது அந்த எட்டு நாள் அயோடின்தான்.

உலையிலிருந்து எடுத்துப் பத்து ஆண்டு ஆன எரிபொருள் கட்டின் மேற்பரப்பில் மணிக்கு 100 சீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு இருக்கும். உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு சீவர்ட். 5 சீவர்ட் உடல் முழுவதும் பட்டால் உயிர் போகலாம். அதாவது, மறைப்பில்லாமல் பக்கத்தில் மூன்று நிமிடம் நின்றால் போதும். அதே கட்டு சில நூறு ஆண்டு கழித்து, பக்கத்தில் நின்றாலே கொல்லும் நிலையிலிருந்து, உள்ளே போனால் கொல்லும் நிலைக்கு மாறியிருக்கும். அபாயத்தின் அளவு மட்டுமல்லாமல் அபாயத்தின் வகையே மாறுகிறது. எனவே, முதல் முந்நூறு ஆண்டு மனிதர்களை அதன் அருகே விடக்கூடாது. அதற்கப்புறம் தண்ணீரை விடக்கூடாது. இந்த இரண்டாவது வேலையைத்தான் பாறையிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார்கள்.

பாறைகளின் காலக்கணக்கில் இரண்டரை லட்சம் ஆண்டு என்பது எவ்வளவு?

கொஞ்சம்தான். விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரைக்குப் போயிருப்பீர்கள். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்திலுள்ள கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை. செம்மண்ணில் அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட மரம் போலவே தெரியும். குனிந்து கைவைத்தால்தான் கல் என்று புரியும். பட்டையின் வரி, கிளை முறிந்த முடிச்சு, நார் ஓடும் திசை எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் வெயிலில் சுடும், தட்டினால் கல்லோசை. அவற்றின் வயது 2 கோடி ஆண்டு என்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறை சொல்கிறது. அந்த மரங்கள் விழுந்த நாளில் புளூட்டோனியத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால் இன்றைக்குள் எண்ணூறு அரை ஆயுள் ஓடியிருக்கும். ஒரு அணுகூட மிஞ்சியிருக்காது. அயோடின்-129 மட்டும் ஒரு அரை ஆயுளைத் தாண்டி, பாதிக்கும் குறைவாக இன்னும் கிடக்கும்.

இன்னொரு அளவுகோல் வேண்டுமானால், இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவு. இரண்டரை லட்சம் ஆண்டில் அது நகரும் தூரம் 12 கிலோமீட்டர் சொச்சம். கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் போகிற தூரம்கூட வராது.

மனிதர்களின் கணக்கிலோ அது நினைத்துப் பார்க்க முடியாத நீளம். கீழடியில் கிடைத்த பழைய சான்றுகளுக்கு வயது 2,600 ஆண்டு. கடைசிப் பனியுகம் முடிந்தே 11,700 ஆண்டுதான் ஆகிறது. ஒரே எண் நமக்கு முடிவில்லாததாகவும் பாறைக்குச் சொற்பமாகவும் இருக்கிறது.

அப்படியானால் பழைய பாறையாகப் பார்த்துப் புதைத்துவிட்டால் முடிந்ததா?

இல்லை. பாறைக்கு 200 கோடி வயது என்பதால் அதற்குள் 200 கோடி ஆண்டாக ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. அதன் விரிசல்கள் வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கலாம். பாறையின் வயதை யார் சொன்னாலும் நான் அடுத்துக் கேட்பது, அங்கே தண்ணீர் ஓடுகிறதா என்பதைத்தான். ஓடினால் எவ்வளவு வேகம், அதில் பிராணவாயு கரைந்திருக்கிறதா, உப்பு எவ்வளவு?

திருவக்கரை மரங்கள் கல்லானதற்குக் காரணமே தண்ணீர்தான். சிலிக்கா கரைந்த தண்ணீர் மணலுக்குள் ஊறி, மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து, நாளடைவில் மரத்தை மாற்றிக் கல்லை வைத்துவிட்டது. இத்தாலியில் உம்பிரியா வட்டாரத்தில் துனரோபா என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கேயும் பழைய மரங்கள் நின்ற வாக்கில் புதைந்து கிடந்தன, சுமார் 20 லட்சம் ஆண்டுகளாக. செங்கல்லுக்குக் களிமண் தோண்டும்போது வெளிப்பட்டன. அந்த மரங்கள் கல்லாகவில்லை, இன்னும் மரம்தான். ரம்பத்தால் அறுக்கலாம். சுற்றிலும் இருந்த களிமண் தண்ணீரை உள்ளே விடவில்லை, பிராணவாயுவும் போகவில்லை, அதனால் மக்கவும் இல்லை, மாறவும் இல்லை. அணுக்கழிவு ஆராய்ச்சிக்காரர்கள் துனரோபாவைத் தேடிப்போய்ப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். மணலில் கிடந்த மரத்தையும் களிமண்ணில் கிடந்த மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இயற்கை எங்காவது அணுக்கழிவைப் புதைத்துக் காட்டியிருக்கிறதா?

காட்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1972-இல் பிரான்சின் பியர்லாத் ஆலையில் ஒரு சிறு முரண்பாடு தெரியவந்தது. உலகில் எங்கே வெட்டிய யுரேனியமானாலும் அதில் யுரேனியம்-235-இன் பங்கு 0.7202 சதவீதம். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஒக்லோ சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தில் 0.7171 சதவீதம்தான் இருந்தது. மூன்றாவது தசம இடத்தில் குறைவு, அவ்வளவுதான். ஆனால் அது குண்டு செய்யும் சரக்கு, ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு வேண்டும். தேடிக்கொண்டே போனால் சுரங்கத்தின் சில பகுதிகளில் குறைவு இன்னும் அதிகமாக இருந்தது. கூடவே அணுப்பிளவில் மட்டுமே உண்டாகும் தனிமங்களும் இருந்தன. அங்கே சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், யாருடைய கையும் படாமல், அணு உலை எரிந்திருக்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் பிரான்சிஸ் பெரின் அந்த ஆண்டே இதை அறிவித்தார். இப்படி ஒன்று நடந்திருக்கலாம் என்று வேதியியலாளர் பால் குரோடா 1956-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

இன்று அது நடக்காது. யுரேனியம்-235, யுரேனியத்தின் பெரும்பகுதியான யுரேனியம்-238-ஐவிட வேகமாகச் சிதைகிறது, அதனால் இப்போது அதன் பங்கு குறைவு. 200 கோடி ஆண்டுக்கு முன் அது 3 சதவீதத்துக்கு மேல் இருந்தது, இன்றைய உலைகளுக்காகச் செறிவூட்டும் அளவுக்குச் சமம். நிலத்தடி நீர் தாதுக்குள் ஊறியபோது, அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களின் வேகம் குறைந்து தொடர்வினை பற்றிக்கொண்டது. சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போனதும் வினை நின்றது. ஆறியதும் தண்ணீர் திரும்ப வந்தது, மறுபடி பற்றியது. அரை மணி நேரம் எரிந்து இரண்டரை மணி நேரம் ஓய்ந்தது என்று, அங்கே கனிமத்துக்குள் சிக்கிய செனான் வாயுவை அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் வீட்டுக் குக்கர் விசில் விட்டு விட்டு அடங்குகிற மாதிரி, பல லட்சம் ஆண்டு இப்படியே ஓடியிருக்கிறது.

அதில் உண்டான கழிவு டன் கணக்கில். புளூட்டோனியம் மட்டும் இரண்டு டன் அளவு. தாமிரப் பெட்டியில் அதை யாரும் போடவில்லை, சுவர் எழுப்பவில்லை, ஈரமான பாறைக்குள் அப்படியே கிடந்தது. அந்தப் புளூட்டோனியம் பிறந்த இடத்திலிருந்து சில மீட்டருக்குள்ளேயே இருந்து சிதைந்து முடிந்திருக்கிறது.

அப்புறம் என்ன, ஒக்லோவே போதுமான சான்றுதானே?

போதாது. ஒக்லோவை ஆதரவுப் பேச்சில் இழுப்பவர்கள் ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள். புளூட்டோனியமும் பல கன உலோகங்களும் இடத்தைவிட்டு நகரவில்லை என்பது உண்மை. ஆனால் சீசியத்தில் பெரும்பகுதி அங்கே இல்லை, அயோடினும் தப்பிப் போயிருக்கிறது, வாயுக்கள் நிற்கவில்லை. எது தண்ணீரில் எளிதாகக் கரைகிறதோ அது போய்விட்டது. அதோடு, ஒக்லோ தப்பிப் பிழைத்ததால்தான் நம் கண்ணில் படுகிறது. அதே காலத்தில் எரிந்து, தண்ணீரில் கரைந்து, தடம் இல்லாமல் போன உலைகள் எத்தனை இருந்தன என்று சொல்ல வழியில்லை.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள சிகார் லேக் இன்னும் தெளிவான சாட்சி. அங்கே 430 மீட்டர் ஆழத்தில், 130 கோடி ஆண்டு பழைய, மிகச் செறிவான யுரேனியத் தாது கிடக்கிறது. அதைச் சுற்றி இயற்கையாகவே ஒரு களிமண் போர்வை. அவ்வளவு சரக்கு அடியில் இருந்தும் மேலே தரையில் அதற்கான கதிரியக்க அடையாளம் எதுவும் தெரியவில்லை.

பின்லாந்தில் கட்டியிருப்பது என்ன?

யூராயோக்கி என்ற சிறு ஊராட்சியில் ஒல்கிலுவோத்தோ தீவு இருக்கிறது. அங்கே ஏற்கெனவே அணு உலைகள் ஓடுகின்றன. அதே தீவின் அடியில், 400 மீட்டருக்கும் கீழே, 190 கோடி ஆண்டு பழைய நைஸ் என்ற கெட்டிப் பாறையைக் குடைந்து ஒங்கலோ என்ற புதைப்பிடத்தை அமைத்திருக்கிறார்கள். கட்டுவது பொசிவா நிறுவனம். 2004-இல் தோண்டத் தொடங்கினார்கள், 2015-இல் கட்டுமான உரிமம் கிடைத்தது, 2024-இல் கழிவு இல்லாத வெற்றுக் கலன்களை வைத்து ஒத்திகை தொடங்கியது. பயன்படுத்திய எரிபொருளை நிரந்தரமாகப் புதைக்க இந்த அளவுக்கு முன்னேறிய இடம் உலகில் வேறு இல்லை.

சுவீடன்காரர்கள் வகுத்த முறை அது. எரிபொருள் கட்டுகளை வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, அதன்மேல் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள தாமிரக் கலனைப் போட்டு மூடுகிறார்கள். கலன் ஒரு மீட்டர் அகலம், ஆள் உயரத்தைப்போல் இரண்டு, மூன்று பங்கு நீளம். சுரங்கத் தரையில் துளையிட்டு அதற்குள் இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணை அடைப்பார்கள். பென்டோனைட் ஈரம் பட்டால் உப்பி எல்லா இடுக்கையும் அடைத்துக்கொள்ளும்; துனரோபாவில் செங்கல் களிமண் செய்த வேலையைத்தான் இங்கே செய்கிறது. ஒரு தடுப்பு தோற்றால் அடுத்தது தாங்க வேண்டும் என்பது கணக்கு.

தாமிரம் தாங்குமா என்பதற்கு ஒரு பழைய பீரங்கி சாட்சி சொல்கிறது. க்ரோனான் என்ற சுவீடன் போர்க்கப்பல் 1676-இல் பால்டிக் கடலில் மூழ்கியது. அதன் வெண்கலப் பீரங்கி ஒன்று, பெரும்பாலும் தாமிரமே உள்ளது, கடலடிச் சேற்றில் குத்திட்டு முந்நூறு ஆண்டு நின்றது. எடுத்து அளந்தபோது அரிப்பு ஆண்டுக்கு 0.15 மைக்ரோமீட்டர் என்று வந்தது. அதே வேகத்தில் ஒரு லட்சம் ஆண்டு அரித்தால் 15 மில்லிமீட்டர் போகும். கலனின் தடிமன் 50.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பிராணவாயு இல்லாத தண்ணீரிலும் தாமிரம் அரிக்கும் என்று ஸ்டாக்ஹோமில் சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். சுவீடனின் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2018 ஜனவரியில், கலனைப் பற்றி இன்னும் சான்று கொண்டுவாருங்கள் என்று சொன்னது. கூடுதல் சான்றுகளைப் பார்த்தபின் அரசு 2022 ஜனவரியில் பார்ஸ்மார்க்கில் புதைப்பிடத்துக்கு அனுமதி கொடுத்தது. இந்த நான்கு ஆண்டுத் தாமதத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நம்பிக்கை தருகிறது. கேள்வி கேட்க ஆளும், அந்தக் கேள்விக்காக வேலையை நிறுத்திவைக்க ஒரு மன்றமும் அங்கே இருந்திருக்கின்றன.

அங்கே மக்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

பின்லாந்துச் சட்டப்படி ஊராட்சி வேண்டாம் என்றால் திட்டம் அங்கே வர முடியாது. யூராயோக்கி மன்றம் 2000 ஜனவரியில் வாக்கெடுத்தது: 20 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் 159-க்கு 3 என்று ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் 1994-லேயே, பின்லாந்தில் உண்டான கழிவு பின்லாந்திலேயே இருக்க வேண்டும், வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். இட ஆராய்ச்சி 1980-களிலேயே தொடங்கிவிட்டது. மறுக்கும் உரிமையை முதலில் கொடுத்துவிட்டுத்தான் ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மறுபடி பனியுகம் வந்தால்?

வரும். கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் ஏறக்குறைய லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறது. அதனால் பின்லாந்தின் கணக்கில் இதுதான் பெரிய சோதனை. சென்ற முறை அங்கே கிலோமீட்டர் கணக்கில் பனி ஏறி நின்றது. அந்தப் பாரத்தில் அமுங்கிய தரை இன்னும் மேலெழும்பிக்கொண்டிருக்கிறது, ஒல்கிலுவோத்தோவில் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டர் அளவு. பாரம் இறங்கும்போது பெரிய நிலநடுக்கங்களும் வந்திருக்கின்றன. சுவீடனின் வடகோடியில் பார்வி என்ற 150 கிலோமீட்டர் நீளப் பிளவு அப்படி உண்டானதுதான். ஆகவே கலன் வைக்கும் ஒவ்வொரு துளையும் பெரிய விரிசல்களிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பனி உருகும்போது பிராணவாயு நிறைந்த நன்னீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பது இன்னொரு கவலை. நானூறு மீட்டர் ஆழம் அதற்காகவும் சேர்த்துத்தான்.

சட்டங்கள் எத்தனை ஆண்டுக்குக் கணக்குக் கேட்கின்றன?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவின் நியூமெக்சிகோவில் 25 கோடி ஆண்டு பழைய உப்புப் படிவத்தில், 655 மீட்டர் ஆழத்தில், ராணுவ அணுக்கழிவைப் புதைக்கிறார்கள். அங்கே விதி 10,000 ஆண்டு. நெவாடாவின் யக்கா மலைக்கும் முதலில் 10,000 என்றுதான் வைத்தார்கள். உச்சகட்ட ஆபத்து அதற்குப் பிறகுதான் வரும் என்னும்போது இந்த எல்லை எப்படிச் சரி என்று வழக்கு நடந்து, 2004-இல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2008-இல் அது 10 லட்சம் ஆண்டு ஆனது. ஜெர்மனியும் 10 லட்சம் கேட்கிறது.

10,000 என்ற எண் எனக்கு எப்போதும் உறுத்தலாக இருந்திருக்கிறது. புளூட்டோனியம் அதற்குள் பாதிகூடக் குறைந்திருக்காது. மனிதர்களுக்கு மலைப்பில்லாத எண் என்பதைத் தவிர அதற்கு நிலவியல் காரணம் ஒன்றும் தெரியவில்லை.

புதைத்து ஏற்கெனவே சொதப்பியது உண்டா?

உண்டு. ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தைச் சொல்ல வேண்டும். 1967 முதல் 1978 வரை ஏறக்குறைய 1,26,000 பீப்பாய் கழிவை அதில் இறக்கினார்கள். ஏற்கெனவே உப்பு வெட்டி வெட்டிக் குகைகளான பழைய சுரங்கம் அது. சில அறைகளில் பீப்பாய்களை வண்டியிலிருந்து அப்படியே சரித்துவிட்டிருக்கிறார்கள். பின்னாளில் சுவர் நெகிழ்ந்து உப்புநீர் கசியத் தொடங்கியது, நாளொன்றுக்கு 12 கனமீட்டர் அளவில். இப்போது எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. போடுவதற்கு ஆனதைவிட எடுப்பதற்குப் பல மடங்கு காலமும் பணமும் ஆகும்.

நியூமெக்சிகோவில் 2014 பிப்ரவரியில் நிலத்தடியில் ஒரு பீப்பாய் வெடித்தது. ஈரம் உறிஞ்சுவதற்குக் கனிமப் பொடி போட வேண்டிய இடத்தில் தாவரப் பொருளாலான பூனைமணலை (வீட்டுப் பூனைகள் கழிக்க வைக்கும் பொடி) போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த நைட்ரேட்டோடு அது சேர்ந்து சூடேறிவிட்டது. அந்த இடம் மூன்று ஆண்டு அளவுக்கு மூடிக் கிடந்தது.

ஆஸ்ஸேயில் உப்பு 10 லட்சம் ஆண்டு தாங்குமா என்று பேச வேண்டிய அவசியமே வரவில்லை, நாற்பது ஆண்டுக்குள் விவகாரம் வெளுத்துவிட்டது. நியூமெக்சிகோவில் உப்புப் படிவம் தன் வேலையைச் சரியாகவே செய்தது; கோட்டை விட்டது பீப்பாயை நிரப்பிய கை. லட்சம் ஆண்டைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இந்த முதல் ஐம்பது ஆண்டைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பின்னால் வருகிறவர்களுக்கு "இங்கே தோண்டாதே" என்று எப்படிச் சொல்வது?

மதுரைப் பக்கம் மாங்குளம் குகையில் வெட்டியிருக்கும் தமிழி எழுத்து 2,200 ஆண்டு பழையது. தமிழ் பேசும் நம்மில் எத்தனை பேரால் அதைப் படிக்க முடியும்? 1882-இல் அறிஞர்கள் கண்ணில் பட்டபின்னும் அது தமிழ்தான் என்று தெளிய நாற்பது ஆண்டு ஆனது. மொழி அறுபடாமல் வாழ்ந்த நாட்டிலேயே நிலைமை இப்படி. நியூமெக்சிகோவுக்காக 1990-களில் ஒரு குழு முள்வேலி போன்ற பிரமாண்டக் கல்தூண்கள், அலறும் முகங்கள் என்றெல்லாம் யோசித்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்படி ஒன்றைக் கண்டால் நானே புதையல் இருக்கிறதென்று தோண்டத் தோன்றும். பின்லாந்தில், யாரும் காவல் இருக்கத் தேவையில்லாதபடியும், தோண்டுவதற்கு மதிப்புள்ள உலோகமோ தாதுவோ அந்தப் பாறையில் இல்லாதபடியும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவே நல்ல வழி.

மறுசெயலாக்கம் செய்தால் 300 ஆண்டு போதும் என்கிறார்களே?

ஓரளவு. பயன்படுத்திய எரிபொருளைக் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்துவிட்டால், மிச்சக் கழிவு தாதுவின் அளவுக்கு இறங்க லட்சக்கணக்கான ஆண்டுக்குப் பதில் 10,000 ஆண்டு அளவு போதும். அமெரிசியம் முதலானவற்றையும் பிரித்து எரித்துவிட்டால் சில நூறு ஆண்டு. இந்தியா எடுத்திருப்பது இந்தப் பாதை. கல்பாக்கத்தில் மறுசெயலாக்க ஆலை இருக்கிறது. மிச்சக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். ஆனால் "எல்லாவற்றையும் பிரித்து எரித்துவிட்டால்" என்பது இன்னும் தொழில் அளவில் நடக்காத வேலை. பிரித்த புளூட்டோனியம் குண்டுக்கும் உதவும் என்பது தனிக் கவலை. எவ்வளவு பிரித்தாலும் ஆழத்தில் வைக்க வேண்டிய பங்கு ஒன்று மிஞ்சத்தான் செய்யும்.

தேனி பொட்டிப்புரத்தில் மலையைக் குடையத் திட்டமிட்டது கழிவைப் புதைக்கத்தானா?

அந்தத் திட்டம், எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிப்பதற்கு. வேறு கதிர்கள் வந்து குழப்பாமலிருக்கத் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும், அதற்காக மலை. ஊர்க்காரர்களின் சந்தேகத்தை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. கழிவை எங்கே வைப்பீர்கள் என்பதற்கு வெளிப்படையான பதில் இல்லாதவரை, எங்கே குடைந்தாலும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சரி, கூடங்குளத்துக் கழிவு எங்கே இருக்கிறது?

உலை வளாகத்திலேயே, தண்ணீர்த் தொட்டிகளுக்குள். 1988 ஒப்பந்தத்தில் அதைச் சோவியத் நாடே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று இருந்தது, பிறகு அது மாறி இந்தியாவே வைத்துக்கொள்வதானது. 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கின்போது கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலாரில் மக்கள் தெருவுக்கு வந்ததும் அப்படித் திட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2013 மே மாதத் தீர்ப்பு, உலைக்கு வெளியே தனிச் சேமிப்பிடத்தை ஐந்து ஆண்டுக்குள் கட்டவும், ஆழ்நிலப் புதைப்பிடத்துக்கான வேலையைத் தொடங்கவும் சொன்னது. ஐந்து ஆண்டு முடிந்தபோது, 2018-இல், சேமிப்பிடத்துக்கு 2022 வரை அவகாசம் நீட்டப்பட்டது.

தொட்டியில் கிடக்கும் எரிபொருளுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், ராத்திரியில் விழித்திருக்கும் ஆள் வேண்டும். ஆழத்தில் வைத்த பிறகுதான் இவை எதுவும் வேண்டாம் என்று ஆகும். இடத்தைத் தேடத் தொடங்கியதிலிருந்து ஒத்திகைக்கு வர பின்லாந்துக்கு நாற்பது ஆண்டு பிடித்தது.